தேய்ந்த கல்வெட்டு, கறுத்த ஓலை, பாசி பிடித்த காசு: குறைந்த செலவில் எவ்வளவு படிக்கலாம்?

குடமுருட்டிக் கரையில் உள்ள உங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சுண்ணாம்புக்கு அடியில் மங்கிப்போன கல்வெட்டு ஒன்று இருக்கிறது, தாத்தாவின் மரப்பெட்டியில் கறுத்துப்போன ஓலைக்கட்டு இருக்கிறது, ஆற்று மணலில் கிடைத்த செப்புக்காசு ஒன்றும் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குள் எந்தக் கேமரா வாங்கினால் இவற்றைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். கேமராவின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: கண்ணுக்குத் தெரியாததைப் பெரிய செலவில்லாமல் தெரிய வைக்க முடியுமா, அப்படித் தெரிவதை நம்பலாமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்தில் கல்வெட்டுகளையும் சுவடிகளையும் படமெடுப்பதே என் வேலை. எழுத்து வாசிப்பில் நான் கல்வெட்டு அறிஞன் அல்லன். படம் எடுத்துக் கொடுப்பவன். அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேமராவை எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி. எழுத்து பள்ளமாக வெட்டப்பட்டதா, நிறமாக எழுதப்பட்டதா? கல்வெட்டும் செப்பேடும் பள்ளம். சுவரோவியமும் காகித ஆவணமும் நிறம். ஓலை இரண்டும் சேர்ந்தது: எழுத்தாணியால் கீறி, அந்தக் கீறலில் கரியும் இலைச்சாறும் தேய்த்து மையாடுவார்கள். காசு அச்சில் அடித்த மேடுபள்ளம். பள்ளத்தைப் படிக்க வெளிச்சத்தை நகர்த்த வேண்டும். நிறத்தைப் படிக்க வெளிச்சத்தைப் பிரிக்க வேண்டும், அதாவது கண்ணுக்குத் தெரியாத அலைநீளங்களில் படமெடுக்க வேண்டும். பள்ளமும் தேய்ந்து மறைந்து, நிறமும் முழுக்க உதிர்ந்துபோன இடத்தில் எந்தக் கருவியாலும் எழுத்தைக் கொண்டுவர முடியாது. இது தெரியாமல் விலை உயர்ந்த கேமராவை வாங்கிவிட்டு ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கல்வெட்டிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். தேவை: கையால் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ள வசதியுள்ள கேமரா அல்லது போன், ஆடாத முக்காலி, வெளிச்சம் குவிகிற ஒரு டார்ச், ஓர் இருட்டு இரவு. பகல் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல், 10 அல்லது 15 டிகிரி சாய்வில் பிடித்தால், அரை மில்லிமீட்டர் பள்ளம்கூட நிழல் விழுந்து எழுந்து நிற்கும். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. வெளிச்சம் வருகிற திசைக்கு இணையாக ஓடும் கோடு நிழல் விழாமல் மறைந்துவிடும். மேலிருந்து ஒளி வந்தால் நெடுங்கோடுகள் காணாமல் போகும்; பக்கத்திலிருந்து வந்தால் கிடைக்கோடுகள் காணாமல் போகும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சின்னக் கோயிலின் ஜகதிப்படையில், அதாவது சுவரின் அடித்தளக் கல்வரிசையில். 'கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு', அதாவது பரகேசரி என்ற அரசனின் ஆட்சியாண்டு, என்பது வரை தெளிவாக இருந்தது. அடுத்து ௮ என்ற எண், அதன்பின் 'ஆவது'. சுவருக்கு மேலே டார்ச்சைக் கட்டி எடுத்த படம் அது. எட்டாம் ஆண்டு என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணுக்கு முன்னால் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு கிடைக்கோடு இருந்ததை உளிக்காயம் என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் இடப்பக்கமிருந்து ஒளியைக் கொடுத்தபோது அந்தக் கிடைக்கோட்டின் மேல் நெடுங்கோடுகள் எழுந்து வந்தன. அது ௰, பத்துக்கான தமிழ் எண். எட்டு அல்ல, பதினெட்டு. பரகேசரி என்ற பட்டம் சோழரில் பலருக்கு உண்டு, ராஜகேசரியும் பரகேசரியும் மாறி மாறி வரும். உத்தம சோழன் ஆண்டது ஏறத்தாழ 970 முதல் 985 வரைதான். எட்டாம் ஆண்டு என்றால் அவனுடையதாக இருக்கலாம், பதினெட்டு என்றால் இருக்க முடியாது, 907-இல் தொடங்கி நாற்பது ஆண்டுக்கும் மேல் ஆண்ட முதற் பராந்தகனை முதலில் நினைக்க வேண்டும். ஒரு கோடு நிழலில் மறைந்ததால் அரசனே மாறிவிட்டான். அன்றிலிருந்து எட்டுத் திசைக்குக் குறைந்து நான் எந்தக் கல்லையும் எடுப்பதில்லை.

இந்த எட்டுத் திசையை முறைப்படுத்தினால் அதற்கு ஆர்.டி.ஐ. (ரிஃப்ளெக்டன்ஸ் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) என்று பெயர். ஹியூலட் பேக்கர்டு ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் 2001-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. 2005-இல் ஏதென்ஸில் ஆன்டிகித்திரா பொறி என்ற பழங்காலக் கிரேக்க வானியல் கணிப்புக் கருவியின் அரித்துப்போன துண்டுகளில் இருந்த எழுத்துகளை இதை வைத்துப் படித்தார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளிது. கேமரா அசையாது, பொருள் அசையாது, விளக்கு மட்டும் கவிழ்த்த கிண்ணம்போலச் சுற்றி வரும். 30 முதல் 60 படங்கள். கல்லின் ஓரத்தில் பளபளப்பான இரண்டு கறுப்புக் குண்டுகளை வைக்க வேண்டும். அந்தக் குண்டின் மேல் விழும் ஒளிப்புள்ளியைப் பார்த்து, விளக்கு எங்கே இருந்தது என்று மென்பொருள் தானே கணக்கிடும். பேரிங் குண்டுகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன், பதினான்கு வருடமாக அவையே ஓடுகின்றன. விளக்கின் தூரம் மாறாமல் இருக்க ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்: படமெடுக்கும் பகுதியின் மூலைக்கு மூலை நீளத்தைப்போல் மூன்று மடங்கு போதும். ஒருவர் கயிற்று நுனியைக் கல்லருகில் பிடிக்க, மற்றவர் விளக்கோடு நகர வேண்டும்; படம் எடுக்கும்போது கயிறு சட்டத்துக்குள் வரக்கூடாது. படங்களைச் சேர்க்கும் ரிலைட், பார்க்க உதவும் ஆர்.டி.ஐ.வியூவர் ஆகிய மென்பொருள்கள் இலவசம். சேர்த்து முடித்ததும் திரையில் சுட்டியை நகர்த்தினால் ஒளி நகரும், கல்லின் நிறத்தை நீக்கிவிட்டு மேடுபள்ளத்தை மட்டும் பார்க்கலாம். எண்ணெய்க்கறை, சுண்ணாம்புத் திட்டு, விபூதி எல்லாம் பார்வையிலிருந்து விலகிவிடும்.

விலகுவது கறை மட்டும்தான், கனமான பூச்சு அல்ல. சுண்ணாம்பு பல அடுக்காகப் பள்ளத்தை நிரப்பியிருந்தால் மேற்பரப்பே சமமாகிவிடும், ஒளியால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகச் சுரண்டாதீர்கள். கம்பித் தூரிகை, ஆசிட், தண்ணீர்ப் பீச்சல் எதுவும் வேண்டாம். திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீச்சிக் கல்லை 'புதுசு' ஆக்கியதில் மேல்தோல் போய், எழுத்தின் விளிம்பும் கூடவே போன சுவர்கள் டெல்டாவில் இருக்கின்றன. அங்கே ஆர்.டி.ஐ. எடுத்தாலும் மணல் குத்திய குழிகள்தான் அழகாகத் தெரிகின்றன. சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுப்பதும் தவறு: நீங்கள் எழுத்து என்று நினைத்ததை வரைகிறீர்கள், அடுத்து வருபவர் அதையே படிக்கிறார்.

செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1880-களின் பிற்பகுதியிலிருந்து தமிழகக் கோயில் கல்வெட்டுகளுக்கு அரசுக் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுத்து வந்திருக்கிறார்கள். ஈரக்காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றி எடுக்கும் படி. ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு, பலவற்றின் வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சாகியும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் எடுத்த படியென்றால் அன்றைக்குக் கல் இன்றைவிட நன்றாகவே இருந்திருக்கும். உங்கள் கோயிலின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் படத்தின் வேலை, அச்சான வாசகத்தில் புள்ளிகள் போட்டு விட்டிருக்கும் இடங்களை மட்டும் தேடுவதாகச் சுருங்கிவிடும்.

எழுத்து வட்டக் குமுதத்திலோ (அடித்தளத்தில் உருண்டையாக வரும் கல்வரிசை) உருண்டைத் தூணிலோ ஓடினால் ஆர்.டி.ஐ. சரியாக வராது, வளைவில் ஒரு பக்கம் எப்போதும் தானே இருட்டாகிவிடும். அங்கே போட்டோகிராமெட்ரி நல்லது: ஒன்றோடொன்று முக்கால் பங்கு ஒட்டி வருகிற மாதிரி நூறு, இருநூறு படம் எடுத்து, இலவச மெஷ்ரூம் மென்பொருளில் முப்பரிமாண உருவம் கட்டி, மெஷ்லேபில் பள்ளத்தைக் கறுப்பாகக் காட்டச் சொல்லலாம். கணினிக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், அதுதான் செலவு.

இனி ஓலை. இங்கேதான் அகச்சிவப்பு ஒளி உண்மையிலேயே கைகொடுக்கிறது, காரணமும் தெளிவு. மையாடலில் நிறம் தருவது கரி. கரி கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சும், அகச்சிவப்பையும் உறிஞ்சும். ஓலையைக் கறுக்க வைக்கும் முதுமையும் அடுப்படிப் பழுப்பும் எண்ணெயும் பெரும்பாலும் கண்ணுக்கு மட்டுமே கறுப்பு, 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியில் அவை வெளிறிவிடுகின்றன. கறுப்பின் மேல் கறுப்பாக இருந்தது வெளுப்பின் மேல் கறுப்பாக மாறுகிறது. சாக்கடல் சுருள்கள் என்ற பழைய எபிரேயச் சுவடிகளை 1950-களிலேயே இதே காரணத்துக்காக அகச்சிவப்பில் படமெடுத்தார்கள்.

கேமராவின் சென்சார் ஏறத்தாழ 1000 நானோமீட்டர் வரை பார்க்கும். உள்ளே இருக்கும் ஒரு வடிகட்டிதான் அகச்சிவப்பைத் தடுக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி, அந்த வடிகட்டியை எடுத்துத்தரத் தெரிந்த கேமரா மெக்கானிக்கிடம் கொடுப்பது ஒரு வழி. அது முடியாவிட்டால் இருக்கிற கேமராவிலேயே 720 நானோமீட்டர் வடிகட்டியை லென்ஸ் முன் மாட்டி, பத்து இருபது வினாடி திறந்து வைக்கலாம். ஓலை எங்கேயும் ஓடப்போவதில்லை. உங்கள் கேமராவுக்கு அகச்சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க, டி.வி. ரிமோட்டை அதன் முன் அழுத்திப் பாருங்கள், நுனியில் ஊதா வெளிச்சம் தெரிந்தால் ஓரளவு தெரிகிறது என்று பொருள். விளக்கு முக்கியம். வீட்டு எல்.இ.டி. பல்பில் அகச்சிவப்பு அநேகமாக இல்லை, அதை வைத்து எடுத்துவிட்டு முறை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பழைய குண்டு பல்பில் ஏராளம், ஆனால் சூடு ஓலையை வளைத்துவிடும். சிசிடிவி கேமராவுக்குத் துணையாக விற்கும் 850 நானோமீட்டர் விளக்கு சில நூறு ரூபாய்தான், சூடும் குறைவு. வடிகட்டியை மாட்டிய பிறகு திரையைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள், அகச்சிவப்பில் ஃபோகஸ் சற்று நகரும்.

வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில், 'எங்க பாட்டனார் மருத்துவச் சுவடி தம்பி' என்று ஒரு பெரியம்மா கொடுத்த கட்டை இப்படி எடுத்தேன். கண்ணுக்கு ஓலை முழுக்க வெல்லப்பாகு நிறம். படத்தில் முதலில் தெளிந்தது ஓர் ஓரத்தில் இருந்த பின்னக் குறிகள்: மா, காணி, முந்திரி. இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்று. அடுத்தடுத்த ஓலையில் வேலி என்ற நில அளவுக் கணக்கும் வாய்க்கால் பெயர்களும் வந்தன. மருந்து அல்ல, நிலக்கணக்கு. பெரியம்மா முதலில் வருத்தப்பட்டார். பிறகு ஒரு வாய்க்கால் பெயரைப் படித்ததும் 'அது நம்ம கொல்லைக்குப் பின்னால ஓடுறதுதானே' என்று எழுந்தே விட்டார். ஆனால் அதே கட்டில் நான்கு ஓலைகள் மையாடப்படாதவை. அகச்சிவப்பில் அவை வெறும் வெள்ளை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் கீறல்கள் முழுக்கத் தெரிந்தன. பள்ளமா நிறமா என்ற கேள்வி ஒரே கட்டுக்குள்ளும் மாறும்.

ஓலையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பூச்சித் துளை. பின்னால் கறுப்பாக ஏதாவது இருந்தால் துளை கரும்புள்ளியாகத் தெரியும். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைத்து எழுதுவதில்லை என்பதால், புள்ளி தெரிந்தாலே சந்தேகப்படுங்கள். நீலத்தாளைக் கீழே வைத்துச் சாதாரண வெளிச்சத்திலும் ஒரு படம் எடுத்தால் நீலமாகத் தெரிவதெல்லாம் துளை என்று பிரித்துவிடலாம். கறுப்புத் துணியை நம்பாதீர்கள், பல சாயங்கள் அகச்சிவப்பில் வெளுத்துவிடும். ஒட்டிப்போன ஓலைகளை மட்டும் நீங்கள் பிரிக்க வேண்டாம். இஸ்ரேலில் கிடைத்த, கருகிப்போன ஐன் கெடி தோல் சுருளை 2016-இல் பிரிக்காமலே சி.டி. ஸ்கேனில் விரித்துப் படித்தது உண்மை, ஆனால் அது வீட்டில் செய்கிற வேலை அல்ல. நம் ஓலையின் கரிமை எக்ஸ்ரேயில் ஓலையிலிருந்து தனித்துத் தெரிவதும் கடினம். தஞ்சையில் சுவடி பாதுகாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொண்டுபோங்கள்.

பெட்டியில் காகிதமும் இருந்தால் புற ஊதா டார்ச் பயன்படும். பழைய இரும்பு மை மங்கி மஞ்சளாகியிருந்தாலும் புற ஊதாவில் கறுப்பாக நிற்கும், சுற்றியுள்ள காகிதம் ஒளிரும். அதே மை அகச்சிவப்பில் மங்கிவிடும், கரிமை மங்காது. ஆகவே மை எது என்றும் ஓரளவு ஊகிக்கலாம். 365 நானோமீட்டர் டார்ச் வாங்குங்கள், மலிவான 395 விளக்கில் ஊதா வெளிச்சம் அதிகமாகக் கலந்துவிடும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, சில வினாடிகள் மட்டும்.

உங்கள் கோயில் மண்டபத்தில் மங்கிய ஓவியம் இருப்பதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு டிஸ்ட்ரெட்ச் என்ற, மங்கிய நிறத்தைத் தூக்கிக் காட்டும் நிரல். ஜான் ஹார்மன் பாறை ஓவியங்களுக்காக எழுதியது, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளுக்குள் ஓடும். விண்ணிலிருந்து எடுத்த படங்களில் நிறவேறுபாட்டைப் பெரிதாக்கப் பயன்பட்ட கணக்கையே இதில் எடுத்துக்கொண்டார். காவிச் சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் தூக்கிக் கொடுக்கும். ஆனால் பாசியையும் மழைநீர்க் கறையையும் அதே உற்சாகத்தோடு தூக்கிக் கொடுக்கும். ஜேபெக் படத்தைக் கொடுத்தால் சின்னச் சின்னக் கட்டங்களையும் கோடுகளாகக் காட்டும். ஓவியத்துக்கு அடியில் இன்னோர் ஓவியம் இருக்குமா என்றால், தஞ்சைப் பெரிய கோயிலில் இருந்தது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பிறகு மேல் அடுக்கைப் பிரித்தெடுத்துத்தான் கீழ் அடுக்கைக் காட்ட முடிந்தது. அகச்சிவப்பு மெல்லிய வண்ணப் படலத்தை ஊடுருவும், சுண்ணாம்புச் சாந்தை ஊடுருவாது. யாராவது வடிகட்டி மாட்டிச் சுவருக்குள் பார்க்கிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

காசுக்கு வருகிறேன். புளி போட்டுத் தேய்த்துவிடவில்லையே? தேய்த்திருந்தால் நிறுத்திவிடுங்கள், செப்பின் பச்சைப் படலத்திலேயே பல நேரம் எழுத்தின் கடைசி மேடு தங்கியிருக்கும். மேக்ரோ வசதியோடு ஆர்.டி.ஐ. எடுப்பது இதற்கு மிகப் பொருத்தம். குண்டும் சிறிதாக, 3 மில்லிமீட்டர் பேரிங் குண்டு போதும். ஒரு பக்கம் நின்ற மனித உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் தெரிந்தால், அமர்ந்தவரின் கையருகே ஒளியைச் சுற்றி விடுங்கள். ராஜராஜன் பெயர் பொறித்த காசுகளில் நாகரி எழுத்து அங்கேதான் இருக்கும். ஆனால் அந்த வகைக் காசு நீண்ட காலம் பலராலும் அடிக்கப்பட்டது, பெயர் தெரிந்தாலே அவன் காலத்துக் காசு என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, மண்ணிலிருந்து கிடைத்ததைப் பற்றி 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பேசுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள், படமெடுப்பதற்கு அது தடை ஆகாது.

எதை நம்பலாம்? வெவ்வேறு திசை ஒளியில் மூன்று படங்களிலாவது ஒரே இடத்தில் வருகிற கோட்டை நம்பலாம். ஒரே படத்தில் மட்டும் தெரிவது சந்தேகத்துக்கு உரியது. செயலி தானாகக் கூர்மையாக்கிய படத்தில் தெரிவதை நம்பவே கூடாது. இப்போதைய போன்கள் மங்கலான இடத்தைத் தாங்களே ஊகித்து நிரப்புகின்றன, செயற்கை நுண்ணறிவால் 'தெளிவாக்கும்' செயலிகள் இல்லாத சுழியையே வரைந்துவிடுகின்றன. அவை பார்த்துப் பழகியது பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்தையோ கிரந்தத்தையோ அல்ல. புரோ அமைப்பில், கேமரா எந்தத் திருத்தமும் செய்யாத ரா கோப்பாக எடுங்கள், மூலக்கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள், எந்த மாற்றம் செய்தாலும் நகலில் செய்து என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். வாசகம் எழுதும்போது தெளிவான எழுத்தை அப்படியே, ஐயமானதைச் சதுர அடைப்புக்குள், போய்விட்டதைப் புள்ளிகளாக எழுதுவது கல்வெட்டுத் துறை வழக்கம். நீங்களும் அதையே பின்பற்றுங்கள்.

உங்கள் பட்ஜெட்டுக்கு முடிவாக: கேமரா வாங்க வேண்டாம். இருக்கிற போனோ நண்பரின் டிஎஸ்எல்ஆரோ போதும். கனமான முக்காலி, டார்ச், குண்டுகள், 850 விளக்கு, 720 வடிகட்டி ஆகியவை உங்கள் தொகைக்குள் அடங்கும். கோயில் அறநிலையத்துறையில் இருந்தால் செயல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். அர்த்தசாமம் முடிந்த பிறகு குருக்களும் கூட இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டால் நல்லது, அந்தச் சுவரில் எங்கே எழுத்து உண்டு என்று அவருக்குத்தான் தெரியும். மழைக்காலம் தாண்டட்டும். மாசி, பங்குனியில் கல் காய்ந்திருக்கும். முதலில் கல்வெட்டின் ஒரு முழ நீளத்தை மட்டும் எட்டுத் திசையில் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, எந்தப் படம் எந்தத் திசை என்று குறித்து, அளவைச் சுருக்காமல் இங்கே போடுங்கள். வாட்ஸப் வழியாக அனுப்பிய படம் வேண்டாம், அது மெல்லிய நிழலைத்தான் முதலில் தின்றுவிடும். 'யாண்டு' என்ற சொல் தெரிகிற இடத்திலிருந்து தொடங்கினால் எனக்கும், எழுத்து வாசிக்கத் தெரிந்த மற்றவர்களுக்கும் பார்க்கச் சுலபமாக இருக்கும்.